தலைவன் இல்லாத ஊர்

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் செல்பவர்கள் சேத்தூரைத் தாண்டியதும் வலப்பக்கம் பார்க்க வேண்டும். தேவதானத்தின் வயல்கள் முதலில் தெரியும். அவற்றுக்கு அப்பால் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும். அவற்றையும் தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பியது போல நிற்கும். வயலுக்கும் மலைக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. மிதிவண்டியில் போய்த் திரும்பிவிடலாம்.

ஆனால் இந்தச் சிறிய தூரத்துக்குள் மனிதர் கூடி வாழும் முறைகளில் இரண்டு நேர்மாறான வகைகள் நெடுங்காலமாக அருகருகே இருந்து வந்திருக்கின்றன. கீழே உள்ள ஊரில் பதவிகளும் முறைகளும் ஏற்றத்தாழ்வுகளும் உண்டு. மேலே மலையில் வாழ்ந்த மக்களிடம் தலைவனும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒரே வெயில், ஒரே மழை, பேசும் மொழியும் தமிழே. அப்படியிருக்க இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது? இந்தக் கேள்வியை ஒரு பௌதிகக் கணக்கைப் போல எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.

கண்மாய் ஊரின் ஒழுங்கு

முதலில் கீழே உள்ள ஊரைப் பார்ப்போம். 'தேவதானம்' என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தணர்க்கு விட்ட நிலம் பிரமதேயம். சமணப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். ஆக, ஊரின் பெயரிலேயே ஒரு சமூக ஏற்பாடு பதிந்திருக்கிறது. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலும் ஊரை ஒட்டியே இருக்கிறது.

இத்தகைய ஊர்களின் உயிர் கண்மாய். மலையில் பெய்யும் மழைநீர் ஓடைகள் வழியே இறங்கிக் கண்மாயில் தேங்குகிறது. கரையில் உள்ள மடைகளைத் திறந்தால் நீர் வயலுக்குப் பாய்கிறது. கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். எனவே மடைக்கு அருகில் வயல் வைத்திருப்பவருக்கு நீர் முதலில் கிடைக்கிறது. கடைசி வயல்காரருக்குக் கடைசியில்தான் கிடைக்கும். மேல்வயல்காரர் வாய்க்காலை மறித்துக்கொண்டால் கடைவயல் காய்ந்துவிடும். ஆகவே யாருக்கு எவ்வளவு நேரம் நீர் என்று முறை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த முறையைக் காப்பதற்கு ஒரு பொது ஆளும் வேண்டும். நீர்ப்பாய்ச்சி, மடையன், நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் வேறு வேறு பெயர்களால் அழைக்கப்பட்டவர் இவரே. அறுவடையின்போது களத்தில் இவருக்கு நெல்லாகக் கூலி அளக்கப்பட்டது. கண்மாயைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்ற குடிமராமத்து முறையும் இருந்தது.

இது வியக்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. நிலம் சிலருக்கே உரியதாக இருந்தது. பலர் பிறர் வயலில் உழைத்தார்கள். யார் எந்த வேலை செய்வது என்பதைப் பெரும்பாலும் பிறப்பே முடிவு செய்தது. களத்தில் குவிந்த நெல்லைக் காவல் காக்க வேண்டும், அளக்க வேண்டும், பங்கிட வேண்டும். அளக்கும் மரக்கால் யார் கையில் இருந்ததோ அவர் கையில் அதிகாரமும் இருந்தது.

மலைச்சரிவின் ஒழுங்கு

இனி மலைக்கு ஏறுவோம். இராஜபாளையம் அய்யனார் கோயில் பகுதி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள செண்பகத்தோப்பு, சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறை முதலிய இடங்களில் பளியர் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். வடக்கே வருசநாட்டு மலைகளிலும் பழனி மலையிலும் இவர்கள் உண்டு. பளிச்சியம்மன் இவர்களுடைய தெய்வம். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறது.

இவர்களுடைய முன்னோர் பயிர் செய்யவில்லை. காட்டில் கிடைப்பதைத் தேடி எடுத்தே வாழ்ந்தார்கள். கிழங்கு, தேன், காய்கனி, கீரை, சிறு விலங்குகள் ஆகியவையே உணவு. நன்னாரி, கடுக்காய், சீயக்காய், தேன், மெழுகு போன்றவற்றைக் கீழ்நாட்டாரிடம் கொடுத்து அரிசி, உப்பு, துணி, இரும்பு ஆகியவற்றைப் பெற்றார்கள்.

1962 முதல் 1964 வரை பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். பின்னரும் பல ஆண்டுகள் அவர்களைப் பற்றி எழுதினார். நாம் இங்கே காணப்போகும் செய்திகள் பலவற்றுக்கு அவருடைய ஆய்வே அடிப்படை.

அவர் கண்ட காட்டுக் குடியிருப்புகள் மிகச் சிறியவை. சில குடும்பங்கள் சேர்ந்து ஓரிடத்தில் தங்கும். சில நாள் கழித்து ஒரு குடும்பம் பிரிந்து வேறு குடியிருப்பில் உள்ள உறவினரிடம் போகும். அங்கிருந்து வேறொரு குடும்பம் இங்கே வரும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அங்கே சென்று "உங்கள் தலைவர் யார்?" என்று கேட்டால் விடை சொல்வது அவர்களுக்குக் கடினம். வயதில் மூத்தவர் இருப்பார். சாமியாடிக் குறி சொல்பவர் இருப்பார். நன்றாகத் தேன் எடுப்பவர் இருப்பார். ஆனால் அவர்களில் எவரும் மற்றொருவருக்குக் கட்டளை இட முடியாது. கணவன் மனைவிக்குக் கட்டளை இடுவதும் முறையல்ல. ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதையும், ஒருவர்மேல் இன்னொருவர் அதிகாரம் செலுத்துவதையும் 'தரக்குறைவு' என்ற ஒரே சொல்லில் அவர்கள் அடக்கிவிடுகிறார்கள். அது கூடாது என்பதே அங்கே முதல் விதி.

வேட்டையில் கிடைத்த இறைச்சியைப் பங்கிடும் முறையிலும் இந்த விதியைக் காணலாம். இறைச்சி துண்டுகளாக்கப்பட்டுச் சமமான கூறுகளாக வைக்கப்படும். கூறுகள் சமம் என்று எல்லோரும் ஒப்பிய பிறகே அவரவர் பங்கை எடுப்பார்கள். 'நான்தான் அடித்தேன், எனக்கே பெரிய பங்கு' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தோண்டுகோலும் தேன்கயிறும்

தலைவன் இல்லாமல் வேலைகள் எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுடைய இரண்டு முக்கியமான வேலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கிழங்கு எடுப்பது. காட்டு வள்ளிக்கிழங்கு மண்ணில் ஆழமாக இறங்கியிருக்கும். அதை எடுக்கத் தேவையான கருவி முனை கூரான ஒரு கம்பு. பிற்காலத்தில் முனைக்கு இரும்புப் பூண் போட்டார்கள். இது நீங்கள் படிக்கும் நெம்புகோல்தான். கம்பின் நீளம் 120 செ.மீ. என்றும், முனையிலிருந்து 20 செ.மீ. தொலைவில் அது ஒரு கல்லின்மேல் ஊன்றியிருக்கிறது என்றும் கொள்ளுங்கள். கைப்பிடி முனை ஊன்றுபுள்ளியிலிருந்து 100 செ.மீ. தொலைவில் இருக்கும். 100-ஐ 20-ஆல் வகுத்தால் 5. கை கொடுக்கும் விசையைப் போல் ஐந்து மடங்கு விசை மண்ணைப் பெயர்க்கிறது. ஆகவே பெண்ணோ, முதியவரோ, வளர்ந்த சிறுவனோ தனியாகவே தனக்கு வேண்டிய கிழங்கை எடுத்துவிட முடிகிறது. கம்பைக் காட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். உணவுக்காகவும் கருவிக்காகவும் எவரும் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

குழந்தை வளர்ப்பும் இதற்கு ஏற்றபடியே அமைந்திருந்தது. கைக்குழந்தையை மிகுந்த செல்லத்தோடு வளர்ப்பார்கள். அது வளர்ந்து பால் மறந்த பிறகு தன் காலில் நிற்கப் பழகிவிடும். அடித்து வளர்க்கும் வழக்கம் இல்லை. பத்துப் பதின்மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் திறமை வந்துவிடும்.

இரண்டாவது வேலை மலைத்தேன் எடுப்பது. மலைத்தேனீ செங்குத்தான பாறைகளின் அடியில் பெரிய அடைகளைத் தொங்கவிடும். கொடிகளை முறுக்கி ஏணி போலச் செய்து, மேலேயிருந்து ஒருவர் அதில் இறங்குவார். பச்சிலைகளைக் கொளுத்திப் புகை காட்டுவார். ஒரு தேனீ கொட்டும்போது ஒருவகை வாசனைப் பொருளை வெளிவிடும். மற்றத் தேனீக்களுக்கு அதுவே போர் முழக்கம். புகை அந்த வாசனையை மறைத்துவிடுவதால் கூட்டம் முழுவதும் ஒன்றாகப் பாய்வது குறைகிறது.

கயிற்றில் தொங்குபவரின் உயிர் மேலே நின்று கயிற்றைக் காப்பவரின் கையில் இருக்கிறது. தென்னிந்திய மலைகளில் தேன் எடுக்கும் மக்கள் பலரிடையே இந்தக் காவலுக்கு மச்சினனை, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனை, நிறுத்துவது வழக்கமாகும். கயிறு அறுந்தால் விதவையாவது அவனுடைய சொந்தச் சகோதரி அல்லவா? அவன் ஒருநாளும் கவனக்குறைவாக இருக்கமாட்டான். மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி தேவைப்படாமல், உறவையே பாதுகாப்பு வளையமாக ஆக்கிக்கொண்ட ஏற்பாடு இது.

சண்டை வந்தால்?

மனிதர் கூடும் இடத்தில் மனத்தாங்கல் வராமல் இராது. பளியரிடையேயும் கணவன் மனைவி பிணக்கு உண்டு; பொறாமை உண்டு. ஆனால் பதிலுக்குப் பதில் கொடுப்பது அவர்கள் வழி அல்ல. பேச்சு தடித்தால் யாராவது ஒருவர், அவர் எவராகவும் இருக்கலாம், இடையே புகுந்து வேடிக்கையாகவோ இதமாகவோ பேசிக் கவனத்தைத் திருப்புவார். யார் குற்றவாளி என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதிலும் தீராவிட்டால் மனம் நொந்தவர் எழுந்து போய்விடுவார். சில சமயம் ஒரு பாறைக்கு அப்பால் சிறிது நேரம்; சில சமயம் அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள உறவினரிடம் பல மாதம். கோபம் ஆறியதும் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்.

'இது கோழைத்தனம்' என்று நம்மில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் பௌதிகம் படிக்கும் நீங்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழைய இரயில் பாதைகளில் இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் சிறிய இடைவெளி விட்டிருந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும்போது அந்த இடைவெளி அதற்கு இடம் கொடுக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டியான தண்டவாளமும் வளைந்து பாதையை விட்டு விலகிவிடும். பாலங்களிலும் இவ்வாறே இடைவெளி விடுகிறார்கள். பளியர் தங்கள் வாழ்க்கையில் விட்டிருந்த இடைவெளிதான் இந்த விலகிச் செல்லும் உரிமை. போலீசும் பஞ்சாயத்தும் செய்யவேண்டிய வேலையைக் காட்டின் பரப்பே செய்து வந்தது.

அலாஸ்காவிலிருந்து ஒரு சான்று

'பயிர்த்தொழில் இல்லாதவர் என்பதால்தான் இவர்களிடம் தலைவன் இல்லை; பயிர் வந்தால் தலைவனும் வருவான்' என்று விடை சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. ஒரு விதியைச் சொல்லுமுன் அதற்கு மாறான எடுத்துக்காட்டு உண்டா என்று தேடுவது அறிவியலின் பழக்கம்.

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள அலாஸ்காவின் தென்கரையில், கோடியாக் தீவிலும் அதைச் சுற்றிய கரைகளிலும் அலுத்தீக் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களும் பண்டைக்காலத்தில் பயிர் செய்தவர்கள் அல்லர். மீனும் கடல் விலங்குகளுமே உணவு. ஆனால் அவர்களுடைய ஊர்களில் பரம்பரையாக வரும் தலைவர்கள் இருந்தார்கள், பொதுமக்கள் இருந்தார்கள், போரில் பிடிபட்ட அடிமைகளும் இருந்தார்கள். புல்லும் மண்ணும் மூடிய பெரிய வீடுகளில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. திமிங்கில வேட்டைக்காரருக்குத் தனி மதிப்பு உண்டு. குளிர்காலத்தில் பெரிய விருந்துகளும் சடங்குகளும் நடந்தன. 1784-இல் ரஷ்யர்கள் வந்து அவர்களை அடக்கியபோது அந்தப் பழைய ஒழுங்கு குலைந்தது.

ஆக, இருவருமே தேடி உண்ணும் மக்கள். ஆனால் ஒருவரிடம் அடிமை வரை அடுக்கடுக்கான தட்டுகள். மற்றவரிடம் ஒரே தட்டு. எனவே 'பயிர்' என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு எது வேறுபடுகிறது?

சால்மன் மீனைக் கவனியுங்கள். ஆண்டின் சில மாதங்களில் மட்டும் அது கடலிலிருந்து ஆறுகளுக்குள் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். அந்த நாட்களில் பிடித்து உலர்த்தி வைத்தால்தான் நீண்ட குளிர்காலத்தைக் கடக்கலாம். பிடிக்க நல்ல இடம் வேண்டும், படகு வேண்டும், உலர்த்தப் பல கைகள் வேண்டும், வைக்க இடம் வேண்டும். சேமித்த உணவைக் காக்கவும் வேண்டும். இதற்கும் தேவதானத்துக் களத்து நெல்லுக்கும் உள்ள ஒற்றுமை இப்போது தெரிகிறதல்லவா?

பளியரின் வள்ளிக்கிழங்கு இப்படிப்பட்டதன்று. அது மண்ணுக்குள்ளேயே கெடாமல் கிடக்கிறது. மலையே அவர்களுடைய களஞ்சியம். அதற்குப் பூட்டும் இல்லை, சாவி வைத்திருப்பவரும் இல்லை.

ஜேம்ஸ் உட்பர்ன் என்ற ஆங்கில மானிடவியலாளர் 1982-இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார். உழைப்பின் பலனை அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ உண்டுவிடும் சமூகங்கள் ஒரு வகை. பலனுக்காகக் காத்திருந்து, சேமித்து, காத்து வாழும் சமூகங்கள் மற்றொரு வகை. முதல் வகையில்தான் உண்மையான சமத்துவத்தைக் காண முடிகிறது என்றார் அவர். அதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் தான்சானியாவின் ஹாட்சா மக்களோடு நம் பளியரும், அண்டையிலுள்ள மலைப்பண்டாரமும் இடம் பெற்றிருக்கிறார்கள்.

மாற்று விளக்கமும் உண்டு. கார்ட்னர் தம் தொடக்ககால ஆய்விலேயே வேறொரு காரணத்தையும் எண்ணிப் பார்த்தார். வலிமை மிக்க கீழ்நாட்டாரின் நெருக்குதலுக்கு நெடுங்காலம் ஆளாகி, எதிர்க்காமல் ஒதுங்கிச் செல்லப் பழகியதும் இந்தச் சாத்வீகத்துக்குக் காரணமாகலாம் என்பது அது. இரண்டு காரணங்களும் சேர்ந்தே செயல்பட்டிருக்கலாம். ஆய்வாளரிடையே இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் ஒன்று உறுதி: பளியர் 'ஒன்றும் தெரியாத அப்பாவிகள்' என்பதால் அமைதியாக இருக்கவில்லை. அவர்களுடைய அமைதி, கண்மாய் முறையைப் போலவே, விதிகளும் பயிற்சியும் கொண்ட ஓர் ஏற்பாடு.

அது குறையற்ற வாழ்வு என்றும் எண்ண வேண்டாம். காட்டில் நோயும் விபத்தும் மிகுதி. மருத்துவம் தொலைவில் இருந்தது. எதிர்த்துப் பேசாத மக்களிடம் வாணிகம் செய்ய வந்தவர்களில் பலர் தேனுக்கும் மூலிகைக்கும் அடிமாட்டு விலை கொடுத்தார்கள். ஒதுங்கிப் போகும் வழி தம்மைப் போன்றவரிடம் பயன்பட்டது, ஏமாற்றுபவரிடம் பயன்படவில்லை.

இடைவெளி அடைபட்டால்

இப்போது நிலைமை வேறு. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்பில் கொண்டுவந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் சாம்பல் நிற அணிலின் சரணாலயமாயின. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயின. விலங்குகளும் ஆறுகளின் ஊற்றுக்கண்களும் காக்கப்பட வேண்டியவைதாம். தேவதானத்துக் கண்மாய்க்கு வரும் நீரும் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்ந்து வந்தவர்களுக்குத் தேன் முதலிய சிறு வனப்பொருள்களை எடுக்கும் உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பளியரில் பலர் இன்று அடிவாரத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள்; தோப்புகளில் கூலி வேலைக்குப் போகிறார்கள்; பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். மழை ஒழுகாத வீடும், மருத்துவமும், கல்வியும் அவர்களுடைய உரிமை. அவர்களைப் பழையபடி மலைக்கே அனுப்பிவிட வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் தண்டவாளத்தின் இடைவெளியை மறந்துவிடாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், பெயர் எழுதிய பட்டாவோடு வாழும் ஒருவர் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தால் எங்கே எழுந்து போவார்? தலைவன் இல்லாத ஊருக்கு வரும் அலுவலர், படிவத்தில் கையொப்பம் இட 'தலைவர் யார்?' என்று கேட்டால் யாரைக் காட்டுவது? கூலி நாளைக்கு வரும், தவணை மாதக் கடைசியில் வரும் என்ற வாழ்க்கையில், அன்றே பங்கிட்டு அன்றே உண்ணும் விதி எப்படி நிற்கும்? பழைய ஏற்பாடு தாங்கி நின்ற தூண்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதை அவர்களையும் கலந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். வீடுகளை எவ்வளவு தள்ளிக் கட்டுவது, உறவினர் ஊருக்குப் போய்ச் சில மாதம் தங்கினால் குடும்ப அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் என்ன ஆகும் என்பன போன்ற சிறிய கேள்விகள்தாம் இங்கே பெரிய கேள்விகள்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பிலும் மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். ஆசிரியர் கேள்வி கேட்டதும் அவர் முந்திக்கொண்டு கை தூக்காமல் இருக்கலாம். பந்தயத்தில் முதலாவதாக வர முண்டியடிக்காமல் இருக்கலாம். கேலி செய்தால் பதில் பேசாமல் எழுந்து போய்விடலாம். 'மந்தம்' என்றும் 'பயந்தாங்கொள்ளி' என்றும் முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறரை மிஞ்சிக் காட்டுவது தரக்குறைவு என்று சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து அவர் வந்திருக்கலாம். எழுந்து போனவர் திரும்பி வரும்போது உட்கார இடம் வைத்திருங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறப்பவரை முன்பு என்ன பெயரால் அழைத்தார்கள், அவருக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள், இன்று அந்த வேலையை யார் செய்கிறார் என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் ஊரில் சேமித்து வைக்கப்படும் பொருள் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் எழுதுங்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உங்கள் ஊரின் சமூக அமைப்பில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும்.